எலும்பு டாக்டர் பதில்கள்: ஊரடங்கில் விட்டுப்போன நாட்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர், 2020 ஊரடங்கில் உடைந்த தன் மணிக்கட்டு இன்றுவரை வளைந்தே இருப்பது ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தார். அந்தப் பதில் வெளியான பிறகு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாம் 2020, 2021 என்ற அந்த இரண்டு கொரோனா வருடத்துக் காயங்கள். நான் அப்போது டெல்டாப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும்போது அங்கே பார்த்த யாராவது ஒருவர் நினைவுக்கு வருகிறார். அதனால் இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

2020 ஏப்ரல் கடைசியில் என் அம்மா (வயது 74) குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வந்துவிடும் என்று பயந்து, பிடிப்புதான் என்று நினைத்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் குட்டி யானையில் மெத்தை போட்டுக் கொண்டுபோனோம். தொடை எலும்பு இடுப்பை ஒட்டி உடைந்திருந்தது. கொரோனா டெஸ்ட் முடிவு வர மூன்று நாள், ரத்தம் கிடைக்க ஒரு நாள் என்று ஆகி, விழுந்த ஏழாம் நாள்தான் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து ஐந்தாவது வாரம் மூச்சுத்திணறி இறந்துவிட்டார். நான் அந்த இரண்டு நாளைக் கடத்தாமல் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா டாக்டர்?
— ஒரு வாசகி, பேராவூரணி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்த முதியவரைப் படுக்கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரானதுதான். வலியில் ஆழமாக மூச்சு விட முடியாது, நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தங்கும். காலை அசைக்காததால் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உங்கள் அம்மாவுக்கு வந்த மாதிரியே திடீரென்று மூச்சு திணறும். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று வேறு. ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே கட்டிலில் உட்கார வைத்து, வாக்கரைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுவது இதற்காகத்தான்.

அந்த வரைக்கும் தாமதம் கெடுதல்தான். ஆனால் அந்த ஏழு நாளில் உங்கள் பங்கு இரண்டு நாள். டெஸ்ட் முடிவுக்காக ஆஸ்பத்திரி காத்திருந்ததையும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 2020 மே மாதம் லான்செட் இதழில் 24 நாடுகளைச் சேர்ந்த 1,128 நோயாளிகளைப் பற்றிய கணக்கு வந்தது. ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் கொரோனா தொற்று இருந்தவர்கள் அவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் கெட்டது. 30 நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை வார்டில் இடுப்பு முறிந்த இரண்டு பாட்டிகள் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். டெஸ்ட் வராமல் செய்தாலும் ஆபத்து, வரும் வரை படுக்கப் போட்டாலும் ஆபத்து. மாதிரி பக்கத்து ஊர் ஆய்வகத்துக்கு வண்டியில் போய் வர வேண்டிய காலம் அது. ரத்ததான முகாம்களும் நின்றுபோயிருந்தன.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனா இல்லாத நல்ல காலத்தில், நேரத்தோடு ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களிலேயே கணிசமானவர்கள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அந்த வயதில் இடுப்பு முறிவது அவ்வளவு பெரிய அடி. உங்கள் அம்மா பிழைத்திருப்பார் என்றோ, பிழைத்திருக்க மாட்டார் என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. டிவியைத் திறந்தாலே சாவு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்த நாட்களில், அம்மாவுக்குத் தொற்று வந்துவிடக் கூடாதே என்றுதான் வீட்டில் வைத்துக்கொண்டீர்கள். அந்த இரண்டு நாளை இனியும் உங்கள் தலைமேல் சுமக்காதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். விழுந்த முதியவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் அது பிடிப்பு இல்லை. உங்கள் தெருவில் யாருக்காவது அப்படி ஆனால், உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஊரடங்கில் வண்டியே ஓடவில்லை. அப்படியென்றால் எலும்பு முறிவு வார்டு காலியாகத்தானே இருந்திருக்கும்?
— ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

முதல் இரண்டு வாரம் பாதிக் கட்டில்கள் காலியாகத்தான் இருந்தன, தம்பி. மார்ச் 25-ஆம் தேதிக்குப் பிறகு பைபாஸ் ரோட்டிலிருந்து கேஸ் வருவது அநேகமாக நின்றுவிட்டது. டாஸ்மாக் மூடியிருந்த ஆறு வாரமும் ராத்திரி டூட்டி வேறு மாதிரி இருந்தது. மே 7-ஆம் தேதி கடை திறந்தது. அன்று ராத்திரியே எங்களுக்கு இரண்டு கால் முறிவு.

ஆனால் வருடக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2019-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,51,113 பேர். 2020-இல் 1,31,714 பேர். மாதக்கணக்கில் நாடே அடைந்து கிடந்த வருடத்தில் குறைந்தது அவ்வளவுதான். காலி ரோட்டில் வேகம் கூடும். தளர்வு வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது.

முறிவு ரோட்டைவிட்டு வீட்டுக்குள் வந்தது என்பதுதான் நான் பார்த்தது. மொட்டை மாடியில் ஓடி விழுந்த பிள்ளைகள், ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறிய அம்மாக்கள், முருங்கைக்காய் பறிக்க ஏறிய அப்பாக்கள். முருங்கை மரம் ஆளைத் தாங்காது, கிளை சட்டென்று ஒடியும். ஒரே மாதத்தில் முருங்கை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள் மூன்று பேரைப் பார்த்தேன். அதற்கு முன் வருடத்துக்கு ஒருவரைப் பார்த்திருந்தால் அதிகம்.

என் மகன் 2020 மே மாதம் மாடிப்படியில் விழுந்து முழங்கை வீங்கியது. அப்போது அவனுக்கு ஏழு வயது. போலீஸ் பயம், ஆஸ்பத்திரி பயம். ஊரில் ஒரு பெரியவர் எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். இப்போது கை நேராக இல்லை, முழங்கையிலிருந்து உடம்புப் பக்கம் வளைந்திருக்கிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு தந்தை, வேதாரண்யம்

செய்ய முடியும். முதலில் அந்தப் பையனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அவனுக்கு உடைந்தது முழங்கைக்குச் சற்று மேலே, மேல்கை எலும்பின் அடிப்பக்கம். பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கையில் அதிகம் உடைகிற இடம் அதுதான். விலகிய எலும்பை முதல் ஓரிரு நாளில் நேர்ப்படுத்தி, இரண்டு கம்பி போட்டு நிறுத்தினால் மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். நேர்ப்படுத்தாமல் விட்டாலும் கூடும், ஆனால் கோணலாகக் கூடும். குழந்தை எலும்பு வளர வளரத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வளைவு மட்டும் வளர்ச்சியில் சரியாவதில்லை. எலும்பில் சிறு ஆப்பு வடிவத் துண்டை எடுத்து நேராக்கும் ஆபரேஷன் இருக்கிறது. கையை முழுதாக மடக்கி நீட்ட முடிகிறதா, சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் காட்டுங்கள்.

அந்தப் பெரியவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் புத்தூர் கட்டு, ஊர்க் கட்டு என்று தலைமுறையாக நம்பிப் போகிறார்கள். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடிவிடும், அந்த நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. ஆஸ்பத்திரிக் கதவு தூரமாகிவிட்ட அந்த மாதங்களில் அவர் வீட்டுத் திண்ணைதான் பக்கத்தில் இருந்தது. ஆனால் உருவுவது தப்பு. புதிதாக உடைந்த மூட்டை உருவினால் தசைக்குள் ரத்தம் கசிந்து, அந்த இடத்திலேயே புது எலும்பு முளைத்து மூட்டு இறுகிப்போகும்.

இறுக்கமான கட்டு அதைவிடக் கொடியது. அந்த ஜூனில் ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். கட்டை அவிழ்த்தால் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே இருந்தன. ரத்த ஓட்டம் இல்லாமல் முன்கைத் தசை செத்திருந்தது. கட்டிய மறுநாளே பிள்ளை ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள், வலி பழகிவிடும் என்று சமாதானம் செய்திருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் ஞாபகத்தில் வையுங்கள்: மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, கட்டிய பிறகு வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விரல் நீலமாகவோ வெளிறியோ போனால், யாரிடமும் கேட்க வேண்டாம், கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.

கவச உடை போட்டுக்கொண்டு எலும்பு ஆபரேஷன் செய்தது எப்படி இருந்தது?
— ஒரு நர்சிங் மாணவி, மன்னார்குடி

எலும்பு ஆபரேஷனில் டிரில்லும் ரம்பமும் ஓடும், ரத்தமும் எலும்புத் தூளும் நுண்துளியாகப் பறக்கும். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த பெரிய பயம் அதுதான். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியிருப்பதால் உள்ளே ஈயக் கவசம், அதுவே நாலைந்து கிலோ. அதன் மேல் பிளாஸ்டிக் உடை, இரட்டை மாஸ்க், கண்ணாடி. காற்று சுற்றிவரக் கூடாது என்று ஏசியையும் நிறுத்திவிட்டோம். பதினைந்தாவது நிமிடம் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். டிரில் முனை எலும்பின் மறுபக்கத்தைத் தாண்டுகிற அந்த நொடியைக் கண்ணால் பார்க்க முடியாமல், கையில் படும் அதிர்வை வைத்தும் சத்தத்தை வைத்தும் நிறுத்தியிருக்கிறேன். என் கூட நின்ற ஸ்டாஃப் நர்ஸ் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் கருவி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினால் வியர்வை கொட்டியது. நீங்கள் படிக்கிற படிப்பு அப்படிப்பட்டவர்களுடையது, தாயீ.

என் பையனுக்குப் பிறவியிலேயே வளைபாதம். 2020-இல் கைக்குழந்தையாக இருந்தபோது மாவுக்கட்டு போட்டு வந்தோம், ஊரடங்கில் நடுவில் விட்டுப்போனது. பிறகு சரியாகிவிட்டது என்றார்கள். இப்போது நடக்கும்போது ஒரு பாதம் மட்டும் உள்பக்கம் திரும்புகிறது. திரும்ப வருமா இது?
— ஒரு தாய், அறந்தாங்கி

வரும். வந்தாலும் சரிசெய்யலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரடங்கில் அதிகம் அடிபட்டவர்கள் இந்தக் குழந்தைகள்தான் என்பது என் எண்ணம். அவர்கள் யார் கணக்கிலும் வரவில்லை.

அமெரிக்காவின் அயோவாவில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் வகுத்த முறையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறோம். பாதத்தைக் கையால் மெல்ல நீட்டி, தொடை வரை மாவுக்கட்டு. வாரம் ஒரு முறை பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி, மறுபடி கட்டு. ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதற்கப்புறம் கம்பியில் இணைத்த பூட்ஸ், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது. இதில் ஒரு வாரம் தவறினாலும் பாதம் பழைய பக்கம் திரும்பப் பார்க்கும்.

மார்ச் 19 வியாழக்கிழமை எங்கள் பிரிவில் பதினொரு குழந்தைகளுக்குக் கட்டு போட்டோம். அடுத்த வியாழன் மார்ச் 26. ஊரே அடைந்துவிட்டது. கட்டை மாற்றாவிட்டால் பாதம் நின்றுபோகும் என்பது ஒரு கவலை. குழந்தை வளரும், கட்டு வளராது என்பது பெரிய கவலை. பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்தேன். ஃபோன் வழி மருத்துவத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் அந்த வாரம்தான், மார்ச் 25-ஆம் தேதி, வந்திருந்தது.

ஒரு தாய்க்கு வயது இருபதுக்கு மேல் இருக்காது. வாட்ஸ்ஆப் வீடியோவில் வந்தார். அகலமான அலுமினியத் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தையை மடியில் வைத்துக் காலை ஊறப்போடச் சொன்னேன். அரை மணி நேரம். பிறகு கட்டின் நுனியை நகத்தால் தேடச் சொன்னேன், கிடைக்கவில்லை. குழந்தை கத்துகிறது, சிக்னல் போய்ப் போய் வருகிறது. அவருடைய மாமியார் வந்து காலைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, "இந்தா இருக்கு நுனி" என்றார். சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. உள்ளே அந்தச் சின்னக் கால், சுருங்கி, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டார். நானும்தான்.

பஸ் ஓடிய ஜூன் மாதத்தில் பதினொன்றில் ஏழு குழந்தைகள் வந்தார்கள். நான்காவது கட்டில் விட்டவர்களை இரண்டாவது கட்டிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஜூலையில் பஸ் திரும்ப நின்றது. மீதி நான்கு பேரில் இரண்டு பேரை நான் மறுபடி பார்க்கவேயில்லை.

உங்கள் பையனுக்கு வருகிறேன். பூட்ஸை நான்கு வயது வரை போட முடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வருடங்களில் பூட்ஸ் சிறிதாகி, மாற்று வாங்க வழியில்லாமல் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். உங்கள்மேல் தப்பில்லை. இந்த வயதிலும் சில வாரம் கட்டு போட்டுப் பாதத்தைத் தளர்த்தி, உள்பக்கம் இழுக்கும் தசைநாணைப் பாதத்தின் நடுவுக்கு மாற்றித் தைத்தால் நன்றாக நடப்பான். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வளைபாதத்துக்கென்று எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் போங்கள். பழைய சிகிச்சை நோட்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள், கிடைக்காவிட்டாலும் போங்கள்.

2021 மே மாதம் கொரோனாவில் 16 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அடுத்த வருடம் தொடையிடுக்கில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. வயது 41.
— ஒரு வாசகர், திருவாரூர்

அடுத்த வேலையாக இரண்டு இடுப்புக்கும் எம்ஆர்ஐ எடுங்கள். தொடை எலும்பின் பந்துக் கிண்ண மூட்டில் உள்ள பந்துக்கு ரத்தம் போவது நின்று, அது உள்ளுக்குள் செத்துப்போகிற நோய் இருக்கிறது. ஸ்டீராய்டு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு இப்படி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-லேயே எழுதினார்கள். அப்புறம் எங்களிடமும் வந்தார்கள்.

ஸ்டீராய்டு போட்டவர்கள்மேல் கோபப்படாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. அதில் கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். இரண்டாம் அலையில், படுக்கை கிடைக்காத பதற்றத்தில், பல இடங்களில் அதற்கு மேலும் போயிற்று என்பது என் வருத்தம். பந்து இன்னும் நசுங்காமல் இருந்தால் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிறு ஆபரேஷன் போதும். நசுங்கிவிட்டால் மாற்று மூட்டு. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறது. மதுப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அதுவும் இதே பந்தைத்தான் தின்னும்.

மறுபடி ஊரடங்கு மாதிரி ஒன்று வந்தால் எலும்பு முறிந்தவர்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். மார்ச் 10-ஆம் தேதி அவர் மணிக்கட்டில் மூன்று கம்பி போட்டேன். நுனி தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஐந்தாறு வாரத்தில் உருவிவிட வேண்டும். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூன் 1-ஆம் தேதி பஸ் விட்டதும் 3-ஆம் தேதி வந்து நின்றார். கம்பி சட்டையில் மாட்டாமலிருக்க ஒவ்வொரு நுனியிலும் ஒரு பேனா மூடி செருகி, மேலே மஞ்சள் துணி சுற்றியிருந்தார். ஒரு கம்பியைச் சுற்றிச் சீழ். உருவுவதற்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. ஆனால் அத்தனை நாள் மணிக்கட்டை அசைக்காததால் கரணையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பிசியோதெரபி செய்து அது மடங்குவதற்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை சித்தாள் வேலைக்குப் போனார்.

வீட்டிலிருந்து 12 கிலோமீட்டரில் அவருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. இன்னின்ன கம்பி, இந்தத் தேதியில் எடுக்க வேண்டும், இந்த விரல் பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அங்கேயே உருவியிருப்பார்கள். அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் "6 வாரம் கழித்து வரவும்" என்று மட்டும்தான் இருந்தது. அந்த ஜூனிலிருந்து என் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் மருத்துவரிடமும் கேட்டு வாங்குங்கள். வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

2018-இல் காலில் வைத்த பிளேட்டை 2020-இல் எடுப்பதாக இருந்தது. எடுக்கவேயில்லை. ஆபத்தா?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

வலி, சீழ், தோலை உரசுவது எதுவும் இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று விதியில்லை.